பந்தியில் பிள்ளைக்கு இடம் எங்கே?

ஈப்போ நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறப் புறப்படும் தமிழ்க் குடும்பங்களைச் சற்று நின்று கவனித்தால் ஒரு காட்சி தவறாமல் தென்படும். தகப்பனார் முன்னே நுழைந்து காலி மேசை தேடுகிறார். தாயார் இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் ஏந்தியபடி வாசற்படியிலேயே ஒரு கணம் நின்றுவிடுகிறாள். அவள் கண் பலகாரப் பட்டியலின் மேல் இல்லை. பிள்ளையை உட்காரவைக்க உயர்ந்த நாற்காலி உண்டா, கொதிக்கும் கோப்பியைத் தூக்கிக்கொண்டு விரைகிற பையனின் வழியிலிருந்து விலகிய மூலை உண்டா, பிள்ளை அழுதால் முகஞ் சுளிக்காத மனிதர்கள் பக்கத்து மேசையில் இருக்கிறார்களா என்றே அவள் பார்க்கிறாள். "குழந்தையோடு போய்ச் சாப்பிட ஏற்ற கடை எது?" என்று இளம் பெற்றோர் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது இந்த ஒரு கணத்தை எண்ணித்தான். இதைக் காசுள்ளவர்களின் வீண் கவலை என்று தள்ளிவிடுவோரும் உண்டு. நமது அபிப்பிராயம் வேறு.

யார் யாரோடு உட்கார்ந்து உண்ணலாம் என்பது தமிழருக்குப் புதிய கேள்வியன்று. 1924, 1925ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி வைத்ததே தமிழ்நாடு முழுவதையும் கலக்கியது. அதுவும் சிறுவர்களின் சாப்பாட்டைப் பற்றிய வழக்குத்தான். அதுவும் இதுவும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. சாதி ஒருவனை ஆயுள் முழுதும் ஒதுக்கி வைக்கும். குழந்தையோ நாலு வருஷத்தில் வளர்ந்து தானே ஒழுங்காக உண்ணக் கற்றுக்கொள்ளும். ஆனால், அந்த நாலு வருஷமும் குழந்தையோடு சேர்த்து ஒதுக்கப்படுகிறவள் ஒருத்தி இருக்கிறாளே, அவளைப் பற்றித்தான் நமது பேச்சு.

பேராக்கின் தோட்டங்களை நினைத்துப் பார்ப்போம். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் உயிரோடு நிற்கிறது. அதற்கு வேலியும் விளக்கப் பலகையும் உண்டு. தோட்டத்து ஆயாக் கொட்டகைக்கு அப்படி ஒரு பலகையை நாம் எங்கும் கண்டதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க ஓடிய தாய், தூக்கம் கலையாத பிள்ளையை அந்தக் கொட்டகையிலே விட்டுப் போனாள். பல பிள்ளைகளுக்கு ஓர் ஆயா. வரிசையாகத் தொங்கும் ஏணைகள். தாய் பால்மரக் காட்டிலிருந்து திரும்பும்போது பிள்ளை உண்டதோ உறங்கியதோ, பிறர் சொல்லித்தான் தெரியும். தேநீர்க் கடைப் பலகையும் கள்ளுக்கடைத் திண்ணையும் ஆண்களுக்குரியவை. பெண் ஒருத்தி கடையில் அமர்ந்து உண்பது அக்காலத்து வழக்கத்திலேயே இல்லை. அவளுக்கு ஏதேனும் வந்ததானால் பொட்டலமாக லயத்துக்கு வந்தது.

பிறகு அந்தத் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீட்டுமனைகளாக விலைபோயின. லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று ஈப்போவிலும் அதைச் சுற்றிலும் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பாட்டிமாரிற் சிலர், "நாங்களெல்லாம் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகவா அலைந்தோம்?" என்று மருமகளைக் கேட்கிறார்கள். கேள்வியில் குத்தல் இருக்கிறது. அதைவிட அதிகமாக இருப்பது கிடைக்காமற்போனதன் வலி.

நிற்க. "நானும் காசு கொடுத்துத்தான் சாப்பிட வருகிறேன், அமைதியாக உண்ண எனக்கு உரிமையில்லையா?" என்று கேட்பவரை நாம் அலட்சியம் செய்ய முடியாது. சூடான பாத்திரங்களின் நடுவே பிள்ளையை ஓடவிட்டுவிட்டுப் பேச்சில் மூழ்கிப்போகும் பெற்றோரும் உண்டு; அது அவர்கள் தவறு, அதைக் கடைக்காரர் கண்டிக்கலாம். ஆனால், ஒருவர் தவறுக்காக எல்லாப் பிள்ளைகளையும் வாசலில் நிறுத்தலாமா? தென்கொரியாவில் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று அறிவித்த கடைகள் பெருகின. ஜேஜு தீவில் 13 வயது வரையுள்ள பிள்ளைகளை ஏற்க மறுத்த ஓர் உணவகத்தின் செயல் பாரபட்சமானது என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2017இல் முடிவு சொல்லிற்று. முடிவு சரி, ஆனால் ஆணையத்தின் சொல் சிபாரிசுதான், கட்டளையாகாது.

நம் ஊர்ச் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுவோம். மலேசியாவில் உணவுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை வந்தது 2019 ஜனவரி 1ஆம் தேதியில். அதுவரை பக்கத்து மேசைப் புகை பிள்ளையின் மூக்கிலும் தாயின் மூக்கிலும் ஏறிற்று. அதை ஆண்பிள்ளையின் சுபாவம் என்று சகித்துக்கொண்டோம். பிள்ளையின் அழுகையை மாத்திரம் தொந்தரவு என்றோம். மக்கட்பேறு அதிகாரத்தை மேடையில் மணிக்கணக்காக விரித்துரைத்துவிட்டு வந்த அறிஞரும், பக்கத்து மேசைப் பிள்ளை பருக்கையைச் சிந்தினால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்!

ஏற்ற கடை எது என்பதற்கு வருவோம். குளிர்சாதனமும் விளையாட்டு மூலையும் வண்ணப் பந்துகளும் வைத்த புதுக் கடைகள் இருக்கின்றன. குறை சொல்வதற்கில்லை, ஆனால் அங்கே ஒரு வேளை உண்பதற்கு ஆகும் பணம் கூலி வேலைக்காரர் பலருக்குக் கட்டாது. பிள்ளைக்கு வேண்டியது அவ்வளவு பெரிதுமன்று. பழைய கோப்பிக்கடையின் பளிங்கு மேசையில் அரைவேக்காட்டு முட்டையும் வாட்டிய ரொட்டியும் கிடைக்கும்; சீனர் கடையில் பல்லில்லாத வாயிலும் கரையும் தௌஃபூஃபா கிடைக்கும். வாழையிலைக் கடையைப் போலச் சிந்துவதற்கு இடங்கொடுக்கும் கடை வேறு எங்கே உண்டு? இலையை மடித்தால் பிள்ளை செய்த அலங்கோலமும் அதனுள்ளேயே போய்விடும். காரமில்லாத பருப்பு ஒரு கிண்ணம், கைகழுவும் தொட்டியருகே ஒரு முக்காலி, உயர்ந்த நாற்காலி இரண்டு: இவற்றுக்கு முதலாளி சொத்தை விற்க வேண்டியதில்லை.

ஆயினும், நாற்காலியை வைத்து நாம் கடையை அளப்பதில்லை. தாய் தன் தோசையைச் சூட்டோடு தின்றாளா என்பதே நமது அளவுகோல். பெரும்பாலும் நடப்பது என்ன? தகப்பனார் உண்டு முடித்துக் கைகழுவி வருகிறார். அவள் பிள்ளைக்கு ஊட்டி, துடைத்து, அடக்கி, ஆறிப்போனதை நாலு வாயில் விழுங்கி எழுகிறாள். இல்லாவிட்டால் பிள்ளையின் கையில் கைப்பேசியைத் திணித்து அதன் வாயை அடைக்கிறார்கள். பிள்ளை என்ன தின்கிறோம் என்றே அறியாமல் தின்கிறது. இதில் கடைக்காரரை மாத்திரம் நோவானேன்?

அண்மையில் ஈப்போவின் குட்டி இந்தியாப் பகுதியில் ஒரு சிறு கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் பிள்ளை வீறிட்டது. கடையே திரும்பிப் பார்த்தது. பரிமாறும் முதியவர் ஒன்றும் பேசாமல் ஓர் இலைத் துண்டைக் கிழித்துப் பிள்ளையின் முன்னே போட்டு, ஓர் இட்டிலியை உதிர்த்து, சீனியைத் தூவினார். "நீங்கள் சாப்பிடுங்கள் அம்மா, அவசரமில்லை" என்றார். அதைக் கேட்டதும் தகப்பனார் தம் தட்டைத் தள்ளி வைத்தார். பிள்ளை இட்டிலியைப் பாதி தின்று பாதி சிந்திய பின், அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, தெருவில் புறா காட்டுவதற்காக வெளியே போனார். அந்தப் பெண் ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியாதவள்போல இருந்தாள். பிறகு தோசையைப் பிட்டாள். அது முடிந்ததும், கூச்சத்தோடு, இன்னொன்று கேட்டாள்.