அளவுகோல் மட்டும் நீதியாகுமா?

எல்லாரையும் ஒரே கோலால் அளப்பதே நீதி என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். ஆள் பாராமல் அளக்கும் கோல் ஓரவஞ்சனை செய்யாது என்பது நமது எண்ணம். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் அண்மைக்கால வரலாறு, இந்நம்பிக்கையைச் சற்று நின்று ஆராயத் தூண்டுகிறது.

கோல் இல்லாத இடத்தில் நேர்வதை முதலில் காண்போம். சுவீடன் நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இளம் ஆய்வாளர்களுக்கு வழங்கிய உதவித்தொகைகளைக் கிறிஸ்டின் வென்னெரோஸ், அக்னெஸ் வோல்ட் என்னும் இருவர் ஆராய்ந்து, 1997இல் 'நேச்சர்' இதழில் தம் முடிவை வெளியிட்டனர். ஆணுக்கு நிகரான மதிப்பெண் பெற, ஒரு பெண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆய்வுத்திறன் காட்ட வேண்டியிருந்தது. தேர்வுக்குழுவினரோடு தொடர்புடையோரும் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். ஆகவே, எண்ணிப் பார்க்கும் முறை பெண்களுக்குக் கேடயமாகலாம். ஆனால், எதை எண்ணுகிறோம்?

பிரிட்டனில் 1986 முதல் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத்தரம் அவ்வப்போது மதிப்பிடப்பட்டு, அதற்கேற்ப அரசு நிதி பகிரப்படுகிறது. 2014ஆம் ஆண்டு மதிப்பீட்டிற்கு ஒருவர் பொதுவாக நான்கு வெளியீடுகள் தர வேண்டும்; யாரைச் சேர்ப்பது என்பதை நிருவாகமே முடிவு செய்தது. தகுதியுள்ள ஆண்களில் 67 விழுக்காட்டினர் சேர்க்கப்பட்டனர். பெண்களில் 51 விழுக்காட்டினரே. மகப்பேற்று விடுப்பு எடுத்தோருக்கு வெளியீடுகளைக் குறைத்துக்கொள்ளும் சலுகை இருந்தும் நிலை இதுவே.

விடுப்பு நாள்களைக் கணக்கிட்டுவிடலாம். மனமுடைந்த மாணவனுக்கு ஆறுதல் கூறிய மாலைப்பொழுதை எந்தப் படிவத்தில் எழுதுவது? இத்தகைய பணிகள் பெரும்பாலும் பெண்களிடமே வந்து சேர்கின்றன. அவற்றால் கல்விக்கூடம் வாழ்கிறது. பதவி உயர்வோ அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

2021ஆம் ஆண்டு மதிப்பீட்டில் விதி மாறியது. குறிப்பிடத்தக்க ஆய்வுப் பொறுப்புடைய அனைவரும் சேர்க்கப்பட்டனர். ஆளுக்குச் சராசரி இரண்டரை வெளியீடுகள் போதுமென்றாயிற்று. நல்ல திருத்தமே. ஆயினும், ஆய்வுப் பொறுப்பு யாருக்கு, கற்பிக்கும் பணி மட்டும் யாருக்கு எனப் பிரிப்பதும் அதே நிருவாகமே. ஓரவஞ்சனை வாசல் மாறி நுழையக்கூடும்.

அப்படியானால் கோலை முறித்தெறிவதா? வேண்டாம், முகம் பார்த்து அளந்த காலத்திற்கே அது நம்மை இட்டுச் செல்லும். கோலின் கண்ணுக்குப் படாதது எது என்று ஓயாமல் கேட்பதே அளப்பவரின் கடமை. நம் இல்லங்களிலும் பணியிடங்களிலும் நாமும் அளப்பவர்களே. கணக்கில் வராத உழைப்பையெல்லாம் ஒருத்தியின் தோளில் ஏற்றிவிட்டு, "நீ ஏன் முன்னேறவில்லை?" என்று அவளையே கேட்பது எவ்வகையில் நீதி?