உளி பிடித்த பரம்பரை

வெள்ளிவிழா என்றாலே பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் தருகிற காலம். ஜப்பானின் ஒசாகாவில் கோங்கோ குமி என்ற குடும்பக் கட்டுமான நிறுவனம் 1978இல் தொட்டது 1400ஆம் ஆண்டை!

ஷிதென்னோஜி புத்தர் கோயிலைக் கட்டக் கொரியாவிலிருந்து வந்த தச்சரின் வழியினர் இவர்கள். மூத்த பிள்ளைக்குத்தான் பட்டம் என்ற பிடிவாதம் கிடையாது. தகுந்த மகன் இல்லையா, மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். 37ஆம் தலைவர் இறந்ததும் பொறுப்பேற்றவர் மனைவி யோஷியே. 1934 சூறாவளியில் சாய்ந்த ஐந்தடுக்குக் கோபுரத்தை மறுபடி எழுப்பியது அவர் காலத்தில்தான். போர் வந்தது, கோயில் வேலை ஏது? ராணுவத்துக்கு மரப்பெட்டி அடித்துத் தச்சர்களைக் காப்பாற்றினார்.

கடைசியில் கவிழ்த்தது, மனை விலை எகிறிய 1980களில் வாங்கிக் குவித்த நிலங்களின் கடன். 2006இல் நிறுவனம் தகமாட்சு குழுமத்தின் கைக்குப் போனது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.