கோடிட்ட இடம்

‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று கேட்டுக் கேட்டே நம்மை வளர்த்தது பள்ளிக்கூடம். “தெரியாட்டியும் ஏதாவது எழுதிட்டு வா, சும்மா விட்டுட்டு வராதே” என்று சொல்லாத டீச்சர் உண்டா? பொதுத்தேர்வில் தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிப்பதில்லை. எழுதாமல் விட்டாலும் பூஜ்யம்தான். ஆகவே ஊகித்தால் லாபம்.

2009-ல் இன்ஜினியரிங் முடித்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே கைகொடுத்தது. அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து, கேம்பஸில் தேர்வானவர்களுக்கே சேரும் தேதி தள்ளிப்போய்க்கொண்டிருந்த காலம். சிலர் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்க்ரிப்ஷன் வேலை தேடினோம். அங்கேயும் அனுபவம் கேட்டார்கள். “ஆறு மாசம்னு போட்டுக்கோ, யாரு போய் விசாரிக்கப் போறா” என்று ரெஸ்யூமை நிரப்பித்தர ஆள் இருந்தது. நான் ஃப்ரெஷர் என்றே போட்டு, பணம் கட்டிப் பயிற்சியில் சேர்ந்தேன். அப்பாவிடம் பணம் இருந்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

வேலை இதுதான். அமெரிக்க மருத்துவர் நோயாளியைப் பார்த்துவிட்டுக் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்வார். நாம் ஹெட்ஃபோனில் கேட்டு, கால் பெடலால் நிறுத்தியும் பின்னால் ஓட்டியும் டைப் செய்ய வேண்டும். முதல் நாள் பாடம்: காதில் விழாததை எழுதாதே. பிடிபடாவிட்டால் ஒரு கோடு போட்டு, நேரத்தைக் குறித்துவிட்டு மேலே போ. செலிப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. எதையோ மென்றுகொண்டே பேசும் டாக்டரின் வாயில் மூன்றும் ஒன்றுதான். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அப்படியே.

கூடச் சேர்ந்த விலங்கியல் பட்டதாரி ஒருத்தி கெட்டிக்காரி. வலிப்பு என்று முன்னால் வந்திருந்தால் மருந்துப் பெயரை அவளே போட்டுவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். கோடு விடச் சொன்னபோது கேட்டாள்: “ஏம்ப்பா, நான் போட்டது சரியாத்தானே இருந்துச்சு? அப்புறம் அது எப்படிப் பொய்யாகும்?”

நல்ல கேள்வி. அது பொய் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் காதால் கேட்ட சொல்லும் ஊகித்த சொல்லும் காகிதத்தில் ஒரே எழுத்துருவில் நிற்கின்றன. படிப்பவருக்கு எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று தெரியாமல் போகிறது. கோடு இருந்தால் டாக்டர் ஒரு நொடி நின்று யோசிப்பார், கேஸ் ஷீட்டைப் புரட்டுவார். ஊகம் சரியாகவே இருந்தாலும் அந்த ஒரு நொடியை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

சிக்கல் இதற்கப்புறம்தான். கேட்பது என்பதே பாதி ஊகம். முதல் மாதம் வெறும் இரைச்சலாக இருந்த அதே ஒலி, ஆறாவது மாதம் தெளிவான மருந்துப் பெயராகக் கேட்கிறது. காது மாறவில்லை, படிப்பு மாறியிருக்கிறது. அப்படியானால் எந்தச் சொல்லைக் ‘கேட்டேன்’ என்று நான் சொல்லலாம்? வெளியிலிருந்து யாராலும் சோதிக்க முடியாது. எழுதுபவருக்கே சில சமயம் தெரியாது. இரவு ஷிஃப்டின் கடைசி மணியில் நிச்சயமாகத் தெரியாது.

கூலியோ வரிக்கு இத்தனை பைசா. ஒரு சொல்லுக்காக ஐந்து நிமிடம் பெடலை மிதித்தால் அந்த ஐந்து நிமிடத்துக்குச் சம்பளம் கிடையாது. கோடு கூடினால் சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்பார். எங்கோ ஒரு நோயாளியின் பாதுகாப்புக்காகத் தயங்க வேண்டியது எங்கள் கடமை. தயங்கும் நேரத்துக்கான செலவும் எங்களுடையதே. அவளுடைய கேள்வியை நினைக்கும்போதெல்லாம், அவள் கையில் எட்டு மாதக் குழந்தை இருந்ததும் மாத வாடகை பாக்கி இருந்ததும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.