வாசலில் தொடங்கும் நீதி

விளையாட்டின் நீதியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆட்டக்களத்தையே நினைக்கிறோம். நடுவர் நடுநிலை தவறினாரா, எவரேனும் ஏமாற்றினாரா என்று வினவுகிறோம். சதுரங்கத்தில் 64 கட்டங்களும் ஆளுக்கு 16 காய்களும் ஆடுவோர் இருவருக்கும் பொது. ஆனால், அப்பலகையின்முன் அமரும் உரிமை யாருக்குக் கிடைக்கிறது? நீதியைப் பற்றிய வினா அந்த வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

வாசலின் முதற்படி நுழைவுக் கட்டணம். பன்னாட்டுத் தரப்புள்ளி பெற வாய்ப்பளிக்கும் போட்டிகளில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பது இன்று இயல்பாகிவிட்டது. வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளியின் மகளும் திண்டுக்கல் நகர வணிகரின் மகனும் ஒரே தொகையைத்தான் செலுத்தியாக வேண்டும். தொகை ஒன்று, சுமை ஒன்றன்று. பேருந்துச் செலவும், உடன் செல்லும் தந்தை இழக்கும் கூலியும் அச்சுமையோடு சேர்கின்றன. ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை ஆண்டவர் எவ்வாறு எடைபோட்டார் என்பதை நாம் அறிவோம். எவ்வளவு இட்டார் என்பதைவிட, எவ்வளவிலிருந்து இட்டார் என்பதையே அவர் நோக்கினார்.

சென்னையின் குகேஷ், மருத்துவர் ஒருவரின் மகன். அவருடைய தொடக்க ஆண்டுகளில் பெற்றோரின் நண்பர்கள் பொருளுதவி செய்ய வேண்டியிருந்தது என்று அவரே கூறியிருக்கிறார். மருத்துவர் வீட்டுக்கே இந்நிலை என்றால், ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை சுமப்பவரின் வீட்டுக்கு எந்நிலை?

அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் நீதியை இருவகையாகப் பிரித்தார். கொடுப்பதற்கும் பெறுவதற்கும் இடையே சமன் காண்பது பரிமாற்ற நீதி. பொதுவான நன்மைகளை உறுப்பினரிடையே தக்கவாறு பகிர்வது பங்கீட்டு நீதி. அரங்கத்துக்கும் நடுவருக்கும் செலவாகிறது. அதற்குக் கட்டணம் கேட்பது பரிமாற்ற நீதிக்கு முரணன்று. ஆனால், திறமையை மெய்ப்பிக்கும் வாய்ப்பு விலைப்பொருளன்று. அது பொதுநன்மை. அதைப் பரிமாற்ற நீதியால் மட்டும் அளப்பது பிழையாகும்.

இரண்டாம் படி தகுதி விதி. உலக வாகையரை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் எண்மருக்கே இடம். 2024ஆம் ஆண்டுப் போட்டிக்கான ஓர் இடம், 2023 முழுவதும் பல போட்டிகளில் ஈட்டிய புள்ளிகளால் முடிவாக இருந்தது. ஆண்டின் இறுதியில் குகேஷுக்குப் புள்ளிகள் போதவில்லை. அந்நிலையில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஆதரவோடு, டிசம்பர் 15 முதல் 21 வரை சென்னையில் எண்மர் போட்டியொன்று விரைந்து ஏற்பாடாயிற்று. குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் சமநிலையில் முடிக்க, சமன்முறிப்பு விதியால் குகேஷ் முதலிடம் பெற்றார். நெதர்லாந்தின் அனிஷ் கிரியைப் பின்தள்ளி அந்த இடத்தையும் அடைந்தார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக வாகையரானார்.

அவர் எந்த விதியையும் மீறவில்லை. வலிமையான ஆட்டக்காரர்களை நேர்மையாகவே எதிர்கொண்டார். அதே மாதம் பிரான்சில் அலிரேசா பிரோசாவுக்காகத் தரம் குறைந்த எதிராளிகளோடு அவசரமாக ஏற்பாடான ஆட்டங்களை உலகக் கூட்டமைப்பு தரப்புள்ளிக் கணக்கில் ஏற்க மறுத்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. இத்தகைய அரசோ புரவலரோ இல்லாத நாட்டின் இளைஞன் என்ன செய்வான்? வேறொரு நாடு இவ்வாறு செய்து நம் பிள்ளை இடமிழந்திருந்தால், விதிப்படிதான் நடந்தது என்று நாம் அமைதி கொண்டிருப்போமா? பின்னர் கிட்டிய வெற்றி குகேஷின் திறமைக்குச் சான்று. வாசல் நேரியதாக இருந்தது என்பதற்கு அது சான்றாகாது.

கணிப்பொறிகளுக்கிடையே நடந்த சதுரங்கத்திலும் இதே சிக்கல் எழுந்தது. 2008இல் பெய்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் ரிப்கா என்னும் நிரல் 40 செயலிகளின் வலுவோடு வந்து வென்றது. வெல்வது அறிவா, பணமா என்ற கேள்வி பிறந்தது. மறுஆண்டு ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் 8 செயலிகளுக்குமேல் கூடாது என்று வரம்பிட்டனர். பின்னர் அவ்வரம்பை நீக்கி, எல்லா நிரல்களும் ஒரே வகைக் கணிப்பொறியில் ஆடும் தனிப்போட்டியொன்றையும் சேர்த்தனர். வல்லமைக்கு ஒரு வாசல், சமநிலைக்கு ஒரு வாசல்!

உயிரற்ற இயந்திரங்களுக்கே இத்துணை அக்கறை காட்டினால், இறைச்சாயல் பெற்ற பிள்ளைகளுக்கு எத்துணை காட்ட வேண்டும்! விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். இடையில் எவர் பொருட்டும் வளையலாகாது. கட்டண விலக்குக் கெஞ்சிப் பெறும் தருமமாக இல்லாமல், விதியிலேயே எழுதப்பட்ட உரிமையாக இருக்க வேண்டும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் இலத்தீன் முழக்கத்துக்கு 'நாம் ஒரே குலத்தார்' என்பது பொருள். ஒரு குலத்தில் வாசலுக்கு வெளியே நிற்பவரும் உறவினரே.

நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் நாமும் போட்டிகள் நடத்துகிறோம். அறிவிப்பில் கட்டணத்தை அச்சிடுமுன் ஒரு கேள்வியைக் கேட்போம்: இத்தொகையைப் பார்த்து, வீட்டில் சொல்லாமலே ஆசையை அடக்கிக்கொள்ளப்போகும் பிள்ளை யார்? அப்பிள்ளையின் பெயர் நம் பட்டியலில் ஒருபோதும் இராது. அப்பெயரைத் தேடிச் செல்வதே நீதியின் கடமை.