கண்ணின் பசி

செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கும்போது சாக்கு கிழிந்து அரிசி சிந்தினால், அதைக் கூட்டி அள்ளி, முறத்தில் புடைத்து எடுத்துச் செல்லும் ஏழைத் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அதே அரிசி சோறான பின்னர் நம் வீட்டுக் குப்பைக் கூடையில் கிடப்பதையும் காண்கிறோம். தெருவில் சிந்தியபோது மதிப்புடன் இருந்த மணி, நம் தட்டுக்கு வந்ததும் மதிப்பிழந்தது எப்படி?

"நம் காசில் வாங்கினோம், எறிந்தால் யாருக்கு நஷ்டம்?" என்பர் சிலர். செல்வம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். எவ்வழியில் தேடினாய் என்பதோடு, எவ்வழியில் செலவிட்டாய் என்றும் மறுமையில் கேட்கப்படும் என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே திருவசனத்திலேயே (7:31) விரயமும் தடுக்கப்பட்டுள்ளது.

இதை அறியாதவர் நம்மில் யார்? நம் கதையையே கூறுகிறோம். ஒரு ரமலான் ஜும்ஆவன்று விரயத்தைப் பற்றி பயான் செய்தோம். அன்றே அஸருக்குப் பின் கடைத்தெரு வழியே திரும்புகையில் சமோசா, வடை, பழம் என்று கை கொள்ளாமல் வாங்கினோம். மஃரிபில் இரண்டு பேரீத்தம்பழமும் ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும் உள்ளே சென்றதும் வயிறு நிறைந்துவிட்டது. மறுநாள் மிச்சத்தைக் கொட்டியபோது, "நோன்பு வச்சது வயிறுங்க, கடைக்குப் போனது கண்ணு போலிருக்கு" என்றார் நம் இல்லத்தரசி. பதில் கூற நா எழவில்லை.

அன்றுதான் விளங்கியது. உணவை வீணாக்கும் வீடுகளில் கல்நெஞ்சர் அரிது. பசித்த கண்ணோடு கடைக்குப் போகிறோம். விருந்தாளி முன் குறைந்தால் என்ன சொல்வார்களோ என்றஞ்சி இன்னொரு படி உலையில் போடுகிறோம். குப்பைக் கூடைக்கு உணவு போவது முடிவாகிவிடுவது அங்கேதான்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. தோலும் எலும்பும் சேர்ந்த கணக்குதான். எனினும் ஐவர் உள்ள வீட்டுக்கு 275 கிலோ! 25 கிலோ அரிசிச் சிப்பம் பதினொன்றின் எடை!

ஆகவே திருத்தத்தைக் கடையிலும் அடுப்படியிலும் தொடங்குவோம். வயிறு நிறைந்திருக்கும்போதே பட்டியல் எழுதி, அதன்படி மட்டும் வாங்குவோம். "ஒன்றுக்கு ஒன்று இலவசம்" என்பதற்காகத் தேவையற்றதைச் சுமக்காதிருப்போம். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியை உலை வைக்கையில் நினைப்போம். பிள்ளைகளுக்குக் கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டால் மீண்டும் தருவோம். மிஞ்சுமென்று தெரிந்தால் சூடு ஆறுமுன் அண்டை வீட்டுக்கு அனுப்புவோம். நாமே முகஞ்சுளிப்பதைப் பிறருக்குக் கொடுப்பது தர்மமாகாது என்று அல்குர்ஆன் (2:267) உணர்த்துகிறது.

கீழே விழுந்த கவளத்தையும் துடைத்து உண்ணச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். உணவின் எப்பகுதியில் பரக்கத் உள்ளதென்று நாம் அறியோம். அரிசி பொறுக்கும் அந்தத் தாய்க்குத் தெரிந்த மதிப்பை நமக்கும் உணர்த்தி, சொன்னபடி நடக்க வல்ல ரஹ்மான் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.