இந்த நாற்காலிக்குத் துணிச்சல் வேண்டும்

"எம்.பி.ஏ. படிச்சுட்டு முதியோர் இல்லத்துலயா வேலை பார்க்கப் போறே?" என்று கேட்கிறார்களா? கேட்கட்டும். கேட்கிற அத்தனை பேருக்கும் ஒருநாள் எழுபத்தைந்து வயதாகும். அன்றைக்கு ஒரு நல்ல இல்லத்தையும் அதை நடத்தத் தெரிந்த ஓர் ஆளையும் அவர்களே தேடி அலைவார்கள். அந்த ஆள் நீயாக இரு!

அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தின் மேலாளர் என்றதும் உனக்கு என்ன தோன்றுகிறது? சாந்தமான முகம், தணிந்த குரல், கையில் நன்கொடை ரசீது. தூக்கி எறி அந்த நினைப்பை! காலை ஐந்தரைக்குச் சமையல் மாஸ்டர் வரவில்லை என்று போன் வரும். ஆறு மணிக்கு ஒரு தாத்தாவுக்குச் சுகர் இறங்கியிருக்கும். பத்து மணிக்கு ஆடிட்டர் கணக்குக் கேட்பார். பதினொரு மணிக்கு, வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத மகன், அம்மாவின் கைநாட்டு வேண்டும் என்று பத்திரத்தோடு வந்து நிற்பான். அங்கே பணிவு பயன்படாது. சட்டம்தான் பேச வேண்டும். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாமல் விட்டால் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம் என்கிறது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அதன் 23-ஆம் பிரிவை நீ படித்து வைத்திருந்தால் அந்த மகனின் குரல் தானாக இறங்கும். அம்மாவும் விவரம் தெரிந்து முடிவெடுப்பாள். எந்தக் கம்பெனியில் இருபத்தெட்டு வயதுக்காரரை நம்பி ஒரே காலையில் இத்தனையையும் ஒப்படைப்பார்கள், சொல்!

பணத்துக்கு எங்கே போவது என்கிறாய். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று கொடுக்கிறவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்கள் ஜாங்கிரியோடு வந்து நிற்கும். இருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய்! ஆனால் இரவு டியூட்டி பார்க்கும் ஆயாவின் சம்பளத்துக்குச் செக் எழுத யாருக்கும் கை வராது. உன் திறமைக்கு அங்கேதான் வேலை. கேக் வெட்ட வந்தவரை ஹாலில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தாதே. நேரே கழிப்பறைக்கு அழைத்துப் போ. கைப்பிடிக் கம்பி இல்லாத சுவரைக் காட்டு. "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பாட்டி தனியா எழுந்து இங்க வருவாங்க சார், பிடிச்சுக்க ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில். அடுத்த வாரம் கம்பி வரும். மிச்சப்படும் ஒவ்வொரு ரூபாயும் முதலாளி பைக்கோ பங்குதாரர் பைக்கோ போகாமல் அந்தப் பாட்டியின் கைப்பிடிக்கே திரும்பிப் போகிற தொழில் இது. அந்தக் கணக்கை எழுதிப் பார், தலை எப்படி நிமிர்கிறது என்று தெரியும்.

முதலும் இல்லை, முன்பின் ஆதரவும் இல்லை என்று முனகாதே. பிரான்சில் சான் செர்வான் என்ற ஊரில் ழான் ழுகான் என்றொரு பெண். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1839-இல், தம் 47-ஆவது வயதில், கண் தெரியாமல் கைகால் விழுந்து கிடந்த ஒரு மூதாட்டியைத் தூக்கி வந்து தம் கட்டிலில் படுக்க வைத்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்கப் போனார். அவர் தொடங்கிய கன்னியர் சபை இன்று சென்னையிலும் முதியோரைப் பார்த்துக்கொள்கிறது. இதே சென்னையில் 1978-இல் 'விச்ராந்தி' இல்லத்தைத் தொடங்கிய சாவித்திரி வைத்தியும் அவரோடு நின்ற பெண்களும் குடும்பம் நடத்திக்கொண்டே இதையும் நடத்தியவர்கள். எம்.பி.ஏ.வா வைத்திருந்தார்கள்?

இன்னொருவரைச் சொல்கிறேன், இவர் எனக்குப் பிடித்த கிறுக்கர். 1991-இல் நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில் சேஸ் மெமோரியல் முதியோர் இல்லத்துக்கு மருத்துவராக வந்தார் பில் தாமஸ் என்ற இளைஞர். இங்கே இருப்பவர்களை வாட்டுவது தனிமை, சலிப்பு, தன்னால் எதுவும் ஆகாது என்ற நினைப்பு, இம்மூன்றும்தான் என்று கண்டுகொண்டார். மருந்தாக அவர் எழுதிக் கொடுத்தது இரண்டு நாய், நான்கு பூனை, நூறு கிளிகள்! விதி இடம் தராது என்றவர்களோடு மல்லுக்கு நின்று அனுமதி வாங்கினார். கூண்டுகளுக்கு முன்பே கிளிகள் வந்து சேர்ந்துவிட்டன. கொண்டுவந்தவர் இல்லத்தின் முடிதிருத்தும் அறையில் அத்தனையையும் திறந்துவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி வழியாக அந்தக் கூத்தைப் பார்த்து ஊழியரும் முதியோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு வந்த கணக்கில் அந்த இல்லத்தின் மருந்துத் தேவை வெகுவாகக் குறைந்திருந்தது.

உனக்கு நூறு கிளி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நான் அறிந்த ஓர் இல்லத்தில், ரேஷன் கடையில் பில் போட்டு ஓய்வு பெற்ற ஒருவர் நாளெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தார். புதிதாக வந்த மேலாளர், சின்னப் பெண், ஸ்டோர் ரூம் நோட்டை அவர் கட்டிலில் வைத்து, "ஐயா, கணக்கு உதைக்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். மறுநாள் காலை சவரம் செய்த முகம், சட்டைப் பையில் பேனா, ஸ்டோர் ரூம் வாசலில் ஸ்டூல். "துவரம்பருப்பு அரைக் கிலோ இடிக்குதே, என்னப்பா?" என்று அதட்டல் வேறு. ஒரு வாரத்தில் சமையல் மாஸ்டர் புகாரோடு வந்து நின்றார். புகாரைக் கேட்டு மேலாளர் துள்ளிக் குதித்த ஆபீஸ் அது ஒன்றாகத்தான் இருக்கும்!

சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியாது. நேற்று உன்னோடு காபிக்குச் சண்டை போட்டவரின் கட்டில் இன்று காலியாக இருக்கும். பக்கத்துக் கட்டில்காரருக்கு அதை நீதான் சொல்ல வேண்டும், உடலைப் பின்வாசல் வழியாக ஒளித்து அனுப்பக் கூடாது. இதற்கெல்லாம் நெஞ்சுரம் வேண்டும். உன்னிடம் இருக்கிறது. பரீட்சையில் தோற்று எழுந்தவன் நீ, வேலை தேடி ஊர் ஊராக அலைந்தவள் நீ. நாற்பது பேருடைய ஒரு நாளை நல்லபடியாக விடிய வைக்க உன்னால் முடியாதா?

நாளைக் காலை உன் ஊரில் இருக்கிற இல்லத்துக்குப் போ. ஆபீஸ் ரூமில் உட்காராதே. முதலில் கழிப்பறையைப் பார். இரவு டியூட்டியில் எத்தனை பேர் என்று கேள். காபி எத்தனை மணிக்கு, அதை யார் முடிவு செய்தார்கள் என்று கேள். சரியில்லாத மூன்றைக் குறித்துக்கொண்டு, "இந்த மூன்றையும் நான் சரிசெய்கிறேன், வேலை கொடுப்பீர்களா?" என்று நிமிர்ந்து கேள்!