முதல் துண்டு

ஒருவர் நமக்குச் சாப்பாடு வைக்குமுன், அதில் ஒரு துண்டை நம் கண்முன்னே தானே எடுத்துத் தின்றால், அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

நடந்தது அறுகம்பையில். நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவிலுக்கு ஓடும் வீதியில், கல்முனைக் குடும்பங்கள் பெருநாள் கழிந்த கையோடு வேன் பிடித்துப் போகிற கடற்கரை அது. ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காக எந்தெந்த நாட்டுக்காரரோ வந்து இறங்குவார்கள். அலைக்கென்று வந்து, சமையலுக்கு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. நானும் மச்சானும் போன கடையில் அடுப்படியில் நின்றவர் அர்ஜென்டீனாக்காரர். விறகை எரியவிட்டு, சுவாலை அடங்கியதும் தணலை மட்டும் கம்பித்தட்டுக்குக் கீழே இழுத்துவிட்டு, கல்லுப்பு தவிர வேறொன்றும் தடவாமல் இறைச்சியை ஆறுதலாகச் சுடுகிறார். அவர்கள் ஊரில் அதற்கு அசாடோ என்று பெயர். சாப்பிட்டு முடிந்ததும் சுட்டவருக்காகக் கைதட்டுவார்களாம்.

பலகை வந்தது. மச்சான் “ஹலால்?” என்று கேட்டார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வேறு பேச்சு இல்லை. அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, எங்களுடையதும் அப்படித்தான். அவர் சிரித்தார். ஓரத்திலிருந்து விரலளவு வெட்டி, எங்களைப் பார்த்தபடியே வாயில் போட்டு மென்றார். தலையாட்டினார். பலகையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டார்.

இறைச்சி பொத்துவில் முஸ்லிம் இறைச்சிக்கடையில்தான் எடுப்பது என்று அங்கே வேலைசெய்த உல்லைப் பொடியன் ஒருவன் வந்து சொன்னான். ஹலால் பற்றிய கேள்வி அதோடு முடிந்தது. பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டோம். முடியாமல் நிற்பது அந்த விரலளவுத் துண்டு.

மச்சான் கேட்டதை “நல்லா இருக்குமா?” என்று அவர் விளங்கியிருக்கலாம். வெந்துவிட்டதா என்று பார்த்திருக்கலாம். அல்லது, சந்தேகம் வேண்டாம், நானே தின்கிறேன் பாருங்கள் என்று சொன்னாரா? அப்படியானால் எங்கள் முகத்தில் அவர் எதைப் பார்த்தார்?

சின்ன வயதில், நோன்பு காலத்தில் எங்கள் வீட்டில் முதல் வாய் எனக்குத்தான். உம்மா நோன்போடு கஞ்சி காய்ச்சுவா. நாக்கு நுனியில் வைத்து உப்புப் பார்த்துவிட்டுத் துப்பலாம், மார்க்கத்தில் தடையில்லை. ஆனாலும் உம்மா அதற்கு உடன்படமாட்டா. அகப்பையில் கொஞ்சம் எடுத்து, ஊதி ஆற்றி, “உப்புச் சரியா மகன்?” என்று என் வாயில் வைப்பா. நான் சொல்வதுதான் தீர்ப்பு. நோன்பு பிடிக்கும் வயது வந்ததும் அந்த உத்தியோகம் தம்பிக்குப் போனது. எனக்கு அழுகையே வந்தது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கந்தூரியிலும் கிடாரத்தைக் கிண்டுகிற ஆள் ஆணத்தை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பார். சுற்றி நின்ற நாங்கள் வாயூறப் பார்த்துக்கொண்டிருப்போம். அதில் எந்தச் சாட்சியத்தையும் யாரும் தேடவில்லை.

தேடிய இடம் ஒன்று உண்டு. கச்சேரி அலுவலுக்கு எங்கள் ஆட்கள் போய்வருகிற அம்பாறை நகரம். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அங்கே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலட்டு மருந்து போட்டாயா என்று கேட்டார்கள். கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. சூழ நின்றவர்களுக்கு நடுவில் அவர் தடுமாறிச் சொன்னது ஒப்புதல்போல வீடியோவில் பதிவாகி ஊரெல்லாம் பரவியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் கண்டிப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. சாப்பாட்டில் கலந்து ஓர் ஆளை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை உலகத்திலேயே இல்லை. அந்தக் கட்டி வெறும் மா என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த மனிதர் அந்தக் கட்டியை எடுத்துத் தன் வாயில் போட்டு விழுங்கியிருந்தால்? பலமுறை இதை நினைத்திருக்கிறேன். பயன்பட்டிருக்காது. நம்பக்கூடாது என்று முடிவெடுத்து வந்தவர்களுக்கு அதுவும் ஒரு நடிப்பாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும், பேச்சு கைவிட்ட இடத்தில் ஒரு மனிதனுக்கு மிஞ்சுவது தன் உடம்புதானே. அறுகம்பையிலும் பேச்சு கைவிட்டிருந்தது. இந்தத் தடவை மேசையின் அந்தப் பக்கத்தில், கேட்கிறவர்களாக நாங்கள் இருந்தோம்.

திரும்பி வரும் வழியில் இதை மச்சானிடம் சொன்னேன். அவருக்குக் கோபம். “கேக்கிறதுல என்ன மச்சான் இருக்கு? நம்மட வாய்க்குள்ள போறத நாமதானே கேக்கணும். அவனப் பிழையெண்டா சொன்னன்?” உண்மைதான். ஹலாலா என்று கேட்கிறவர் தன்னைத்தான் காத்துக்கொள்கிறார்; எதிரில் இருப்பவரை அவர் குற்றவாளியாக்கவில்லை. மலட்டு மருந்து போட்டாயா என்பது குற்றத்தை முடிவுசெய்துகொண்டு வருகிற கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நானும் ஒப்பமாட்டேன்.

பாடசாலை இஸ்லாம் பாடத்திலோ ஜும்ஆப் பிரசங்கத்திலோ கேட்ட ஹதீஸ் ஒன்று அரைகுறையாக நினைவில் இருந்தது, வீட்டுக்கு வந்து தேடினேன். ஆயிஷா (ரழி) அறிவிப்பது, புகாரியில் இருக்கிறது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்த ஒரு கூட்டத்தார் இறைச்சி கொண்டுவருகிறார்கள். அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொன்னார்களோ இல்லையோ தெரியவில்லை என்று நபியவர்களிடம் (ஸல்) முறையிடப்படுகிறது. நீங்கள் பெயர் சொல்லி உண்ணுங்கள் என்பதே பதிலின் கருத்து. போய் விசாரித்து வாருங்கள் என்ற பேச்சே அதில் இல்லை. கொண்டுவந்தவர்களை அழைத்து முன்னால் நிறுத்தவும் இல்லை. அது முஸ்லிமாகிவிட்டவர்கள் தந்த இறைச்சி, எல்லாரிடமும் கண்ணைமூடிக்கொண்டு வாங்கித் தின்ன அது அனுமதியில்லை என்றார் மச்சான். அவர் சொல்வது சரி, நான் அதில் சட்டம் தேடவும் இல்லை. உணவு தருகிறவரை எந்த முகத்தோடு பார்ப்பது என்பதைத் தேடினேன், அது கொஞ்சம் கிடைத்தது.

கொஞ்சம்தான். ஏனென்றால் நான் இனியும் கேட்பேன். கொழும்பிலும் கேட்பேன், கடல் தாண்டிப் போனாலும் கேட்பேன். கேட்காமல் எனக்கு இறங்காது. கேட்கும்போது முகத்தையும் குரலையும் தணித்து வைக்கலாம். அது போதுமா? மச்சானின் கேள்விக்கும் அம்பாறையில் கேட்கப்பட்ட கேள்விக்கும் இடையில் பெரிய தூரம் இருப்பதை நான் அறிவேன். கேட்கிறவர்களின் மொழி புரியாமல் அடுப்படியில் நிற்கிற ஒருவர் அந்தத் தூரத்தை எதை வைத்து அறிவார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.